எஃப் பிரிவுக்குப் போன பெட்டி

நான்கு வருடம் அந்தப் பெட்டியை நான்தான் சுமந்தேன். ஜெராக்ஸ் பேப்பர் வரும் அட்டைப்பெட்டி. மூடி கிடையாது. அடிப்பக்கம் பிய்ந்துவிடாமல் பழுப்பு டேப்பைச் சுற்றி ஒட்டியிருப்பேன். செவ்வாய்க்கிழமைதோறும் நான்காவது பீரியடில் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, நூலகத்தின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, மைதானத்தைக் கடந்து, தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பின்னால் இருந்த போர்ட்டா கேபினுக்கு, எஃப் பிரிவின் தகர வகுப்பறைக்குப் போவேன். மே மாதத்தில் அந்த மணல் செருப்புக்குள் புகுந்து காலைச் சுடும். ஒரு தடவைகூட நான் முணுமுணுத்ததில்லை. பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுபோகிறோம், நல்ல காரியம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அமீரகத்தில், அல் ஐன் நகரில் ஒரு இந்தியப் பள்ளியில் எனக்கு நூலக உதவியாளர் வேலை. நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள். கணவர் ஏ.சி. மெக்கானிக். அவருடைய விசாவில் இருந்துகொண்டு, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அந்த வேலையில் சேர்ந்தேன். புத்தகத்துக்கு அட்டை போடுவது, பதிவேட்டில் எழுதுவது, அலமாரியைத் துடைப்பது. யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. என் சுபாவத்துக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடைத்திருக்காது. நாலு பேர் நிற்கும் இடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

வகுப்புக்கு ஏ முதல் எஃப் வரை ஆறு பிரிவுகள். ஏ, பி பிரிவுகளில் இங்கேயே பிறந்து, ஆங்கிலத்திலேயே சண்டை போடும் பிள்ளைகள். எஃப் பிரிவில் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள், ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள். அப்பாமார்கள் பிக்கப் வண்டி ஓட்டுவார்கள், தையல் கடையில் இருப்பார்கள், கஃபெடேரியாவில் பரோட்டா போடுவார்கள். இன்னார் பிள்ளைக்கு இன்ன பிரிவு என்று யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. “இங்கிலீஷ் இம்ப்ரூவ் ஆனதும் மாத்திடுவோம்” என்று சேர்க்கும்போது சொல்வார்கள். அப்படி மாற்றி நான் பார்த்தது ஒரே ஒரு பிள்ளையை. அது என் மகள்.

நான் வேலைக்குச் சேர்ந்த மறுமாதம் சூப்பர்வைசர் மேடம் கூப்பிட்டு, “ஸ்டாஃப் குழந்தை எஃப்ல இருக்க வேண்டாம்” என்றார். மறுநாளே அவள் ஒன்றாம் வகுப்பு பி பிரிவில் உட்கார்ந்திருந்தாள். அவள் ஆங்கிலம் ஒரே ராத்திரியில் முன்னேறிவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் மேடத்துக்குக் கைகூப்பி நன்றி சொன்னேன்.

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் நூலகத்தில் புதிதாகக் கார்பெட் போட்டபோது, எஃப் பிள்ளைகள் மைதானத்து மணலோடு வருவார்கள் என்று சொல்லி அவர்களுடைய நூலகப் பீரியடை நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பெட்டி. நல்ல புத்தகங்களைப் பெட்டியில் அனுப்ப முடியாது. அட்டை போனது, நடுவில் பக்கம் கழன்றது, மற்ற பிரிவுப் பிள்ளைகள் பேனாவால் மீசை வரைந்தது, இவையெல்லாம் பெட்டிக்கு. இவை நல்ல புத்தகங்களோடு கலந்துவிடக் கூடாதே என்று நானே ஒரு யோசனை செய்தேன். ஒன்று முதல் பத்து திர்ஹாம் கடையில் குழந்தைகளுக்கான எழுத்து முத்திரை செட் ஒன்று வாங்கிவந்தேன். அதில் எஃப் எழுத்தை மட்டும் எடுத்து, ஊதா மையில் ஒற்றி, ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் வலது மேல் மூலையில் குத்தினேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. நூலக மேடம் பார்த்துவிட்டு “வெரி நீட்” என்றார். அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

என் மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருடம், டெல்லியிலிருந்து ஒரு சோஷியல் டீச்சர் புதிதாகச் சேர்ந்தார். ஐந்தாம் வகுப்பின் ஆறு பிரிவுக்கும் ஒரே புராஜெக்ட் கொடுத்தார். அமெரிக்காவில் வெள்ளைப் பிள்ளைகளுக்கும் கறுப்புப் பிள்ளைகளுக்கும் ஏன் தனித்தனிப் பள்ளிக்கூடம் இருந்தது, அது எப்படி மாறியது, ரிசர்ச் செய்து சார்ட் போட வேண்டும். மூன்று வாரம் கழித்து எக்ஸிபிஷன். மற்ற ஐந்து பிரிவுகளையும் கம்ப்யூட்டர் அறைக்கு அனுப்பினார்கள். எஃப் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் பீரியட் கிடையாது. அவர்களுடைய வகுப்பு டீச்சரும் லீவில் ஊருக்குப் போயிருந்தார்.

“பெட்டியில ஏதாவது வச்சுக் கொண்டுபோங்க. நீங்களே கொஞ்ச நாள் அங்க உக்காந்து பாத்துக்கோங்க” என்றார் நூலக மேடம்.

ஐந்தாம் வகுப்பு எஃபில் இருபத்திரண்டு பெண் பிள்ளைகள். அவர்களுக்கு முன்னால் நின்று பேசுவதைவிட அந்த மைதானத்தை மே மாதத்தில் பத்துத் தடவை கடந்துவிடுவேன். பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, பேசாமல் நின்றேன். முதல் பெஞ்சில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை கை தூக்கினாள். பரமக்குடியிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அப்பா பிக்கப் டிரைவர்.

“ஆன்ட்டி, ரிசர்ச்னா என்ன?”

“தேடுறதும்மா.”

“எங்க தேடணும்?”

“இந்தப் பெட்டியிலதான்.”

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதிலிருந்து கொஞ்சம் தைரியம் வந்தது.

மறுநாள் ஒரு பிள்ளை சுருள் கம்பி போட்டு பைண்ட் செய்த கட்டு ஒன்றைக் கொண்டுவந்து பெருமையாக நீட்டினாள். அவள் அப்பா டைப்பிங் சென்டரில் போய், “அமெரிக்கா, கறுப்பு, ஸ்கூல்” என்று சொல்லி எடுத்துவந்த பிரிண்ட். டைப்பிங் சென்டர் என்றால் நாங்கள் விசா பேப்பர் அடிக்கிற கடை. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிள்ளைகளின் புராஜெக்டும் அங்கேதான் பிறக்கும். புரட்டிப் பார்த்தால் மூன்றாவது பக்கத்தில் யாரோ ஒருவருடைய விசா கேன்சல் பாரம், அரபியில்.

“என்னடி இது, கறுப்புப் பிள்ளைங்களுக்கு விசா கேன்சலா?” என்றாள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி.

“கஃபீல் ஓடிப்போயிட்டாராம்!” என்றாள் இன்னொருத்தி. கஃபீல் என்றால் விசா கொடுத்த முதலாளி.

சிரிப்பு அடங்கியதும், இந்தப் பக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கொண்டுவந்தவளுக்கே தெரியவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தேன். நூலகப் பதிவேட்டில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் எதிரே, எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று எழுதுவேன். அது போல ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எங்கே பார்த்தீர்கள், யார் சொன்னார்கள் என்று எழுதுங்கள் என்றேன். ரிசர்ச் என்றால் இதுதானா என்று எனக்கு நிச்சயமில்லை. பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. வரி ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டு, சாட்சி எழுத ஆரம்பித்தார்கள்.

பெட்டியில் உருப்படியாக ஒரு புத்தகம் இருந்தது. ஊரைக் காலிசெய்துகொண்டு போன ஒரு குடும்பம் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. பக்கத்துக்குப் பக்கம் பெரிய பெரிய போட்டோக்கள். நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசிப்பேன். தப்பாக உச்சரித்தால் பிள்ளைகள் திருத்துவார்கள். அவர்களுக்கும் தெரியாத வார்த்தை வந்தால் எல்லோரும் சேர்ந்து அகராதியில் தேடுவோம். ஒரு பக்கத்துக்கு ஒரு பீரியட் ஆனது.

பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்க, அதைத் தாண்டி மைல் கணக்கில் நடந்து தங்கள் பள்ளிக்குப் போன கறுப்புப் பிள்ளைகளைப் பற்றிப் படித்தோம். தனிக் குழாய், தனிப் பெஞ்ச். கோர்ட் இது தப்பு என்று சொன்ன பிறகும் பெரியவர்கள் வாசலில் நின்று மறித்ததைப் படித்தோம். ஒரு போட்டோவில் ஒரு பெண் பிள்ளை புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கிறாள். பின்னால் ஒரு கூட்டம் வாயைப் பிளந்து கத்துகிறது.

“அவ டிரெஸ் நல்லா அயர்ன் பண்ணியிருக்கு” என்றாள் ஒருத்தி.

“பயந்திருந்தா யாராச்சும் அயர்ன் பண்ணிட்டு வருவாங்களா?”

“அவங்கம்மா பண்ணியிருப்பாங்கடி.”

“அப்ப அவங்கம்மாதான் தைரியம்.”

“அம்மா எங்க நடக்கிறாங்க? அவதான நடக்கிறா?”

அந்தக் கடைசிக் கேள்வியை அன்று நான் கவனிக்கவில்லை. பின்னால் பல வருடம் அது என்னோடு இருந்தது.

அதற்கு அடுத்த பக்கம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. இரட்டைப் பின்னல்காரி வாசித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பள்ளிகளில் படித்துக் கிழிந்த புத்தகங்களைத்தான் கறுப்புப் பள்ளிகளுக்கு அனுப்புவார்கள், பக்கங்கள் கழன்றிருக்கும், முதல் பக்கத்தில் பழைய பள்ளியின் முத்திரை இருக்கும் என்று போட்டிருந்தது. அவள் நிறுத்திவிட்டாள். பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். முதல் பக்கத்தைத் திருப்பினாள். இன்னொன்றை எடுத்தாள்.

“எல்லாரும் ஃபர்ஸ்ட் பேஜ் பாருங்கடி” என்றாள்.

இருபத்திரண்டு பேரும் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் வலது மேல் மூலையில் அதே ஊதா எஃப்.

“இத யாரு அடிச்சா ஆன்ட்டி?”

“ஆபீஸ்ல” என்றேன்.

மணி அடித்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அதே பெட்டி, அதே புத்தகங்கள். மைதானத்தில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்துவிட்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை அங்கே வார விடுமுறை. மத்தியானம், கணவர் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். மகள் உள்ளறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முத்திர குத்துனது தப்பாங்க?”

“புத்தகத்துலதான குத்துன? புள்ளைங்க நெத்தியிலயா குத்துன?”

“புத்தகத்துலதான். ஆனா நான் பொய் சொல்லிட்டேன். ஆபீஸ்ல குத்துனாங்கன்னு.”

“நல்லதாப் போச்சு. கலாஸ், முடிஞ்சுது. இத்தோட விட்டுரு.” சோற்றைப் பிசைந்துகொண்டே உள்ளறையைக் கண்ணால் காட்டினார். “ஏட்டி, நம்ம புள்ள பி-ல இருக்கா. அத மறந்துட்டு நீ ஏதாவது பேசிட்டு வந்து நிக்காத.”

அவர் கெட்டவர் இல்லை. மகளை பி பிரிவுக்கு மாற்றியபோது என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டவர் அவர். கூட வேலை செய்கிற எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை சீக்கிரமே போய், ஒரு பிளேடை வைத்து முதல் பக்கத்து முத்திரைகளைச் சுரண்ட ஆரம்பித்தேன். நாலைந்து புத்தகம்தான் முடிந்தது. ஊதா மை போகவில்லை. காகிதம்தான் பஞ்சு பஞ்சாகப் பிரிந்தது. அப்படியே பெட்டியைக் கொண்டுபோனேன். இரட்டைப் பின்னல்காரி சுரண்டிய மூலையைத் தடவிப் பார்த்தாள்.

“ஏன் ஆன்ட்டி அழிக்கிறீங்க? இது எங்க ப்ரூஃப்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் எனக்குத் திருப்பிச் சொன்னாள். எங்கிருந்து வந்தது என்று எழுதவேண்டிய இடத்தை நான் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

“ஆபீஸ்ல யாரும் குத்தல. நான்தான் குத்துனேன்” என்றேன்.  ஒருவழியாகச் சொல்லி முடித்துவிட்டேன்.

“உங்கள யாரு குத்தச் சொன்னா?”

“யாரும் சொல்லல. நானேதான்.”

 பிறகு பின்வரிசைக்காரி புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “கோணாம நேரா இருக்கு ஆன்ட்டி” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. இரட்டைப் பின்னல்காரி நோட்டைத் திறந்து, கோடு போட்டு, ‘சொன்னது: லைப்ரரி ஆன்ட்டி. குத்தியது: அவரே’ என்று எழுதினாள். எழுதிவிட்டு எனக்குக் காட்டினாள். சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதைப் போல. சரியாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. இடைவேளையில் ஆளுக்கொரு பிரிவுக்குப் போய் விசாரித்து வந்தார்கள். எந்தப் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் பீரியட், எந்தப் பிரிவுக்கு நூலகம், யார் எந்தக் கட்டடத்தில். சார்ட்டில் இடப்பக்கம் அமெரிக்கா, வலப்பக்கம் எங்கள் பள்ளி என்று பிரித்தார்கள். வலப்பக்கத்தில் டிக்கும் பெருக்கல் குறியும் வரிசையாக விழுந்தன. எஃப் வரிசையில் டிக் இல்லவே இல்லை. நடுவில் பெட்டியை வைப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

இன்னும் ஒன்று கேட்டார்கள். நூலகத்துக் கண்ணாடி அலமாரியில் கலைக்களஞ்சியம் வரிசையாக இருக்கிறது என்று நான் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். பெட்டியில் இருப்பது ஒரே புத்தகம்; ஒரு சாட்சி போதாது; இன்னொன்றிலும் பார்க்க வேண்டும். அந்தத் தொகுதிகளை வெளியே எடுக்க அனுமதி இல்லை. பிள்ளைகள்தான் உள்ளே வரவேண்டும்.

நூலக மேடத்திடம் கேட்டேன்.

“கார்பெட் இருக்கே” என்றார். “வேணும்னா நாலு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்களேன்.”

“அவங்களே தேடணும் மேடம்.”

“சூப்பர்வைசர் மேடத்துக்கு எழுதிக் கேளுங்க.”

லீவ் லெட்டர் எழுதுவதைப் போல, மதிப்பிற்குரிய மேடம் என்று ஆரம்பித்து, என் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நான்காவது பீரியட் மணி அடித்தது. பெட்டி மேசைமேல் தயாராக இருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு மைதானத்தைக் கடந்தேன். நான்கு வருடத்தில் அந்த மணலில் கையை வீசி நடந்தது அன்றுதான்.

“பெட்டி எங்க ஆன்ட்டி?”

“பெட்டி வராது. நீங்க வாங்க. லைன்ல வாங்க, சத்தம் போடாம.”

நூலக வாசலில் எல்லோரையும் ஷூவைக் கழற்றச் சொன்னேன். வராந்தாச் சுவரை ஒட்டி இருபத்திரண்டு ஜோடிக் கறுப்பு ஷூக்கள். சாக்ஸையும் உதறச் சொன்னேன். அவர்கள் கார்பெட்டில் கால் வைத்ததும், விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தார்கள். நூலக மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தார். என்னைப் பார்த்தார். வராந்தாவைப் பார்த்தார். நான் சாவியை எடுத்துக் கண்ணாடி அலமாரியைத் திறந்தேன். சாவி இரண்டு தடவை வழுக்கியது.

“ஃபிஃப்டீன் மினிட்ஸ்” என்று மட்டும் சொல்லிவிட்டு மேடம் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகள் முப்பத்தைந்து நிமிடம் இருந்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

ஷூக்களை வழியில் பார்த்தது சூப்பர்வைசர் மேடம். மத்தியானம் கூப்பிட்டனுப்பினார். “உட்காருங்க” என்றார். அந்த அறையில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை என்பதால், விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது.

“அந்தப் பெட்டியை எக்ஸிபிஷன்ல வைக்கப் போறாங்களாமே?”

“ஆமா மேடம்.”

“புராஜெக்ட் அமெரிக்காவைப் பத்தி. நம்ம ஸ்கூலைப் பத்தி இல்ல. சார்ட்ல பாதியை மறைச்சிடுங்க. பெட்டி வேண்டாம்.”

நான் எழுதிக் கொடுத்த லெட்டர் அவர் மேசைமேல் கிடந்தது.

“உங்க பொண்ணு இப்ப பி-லதானே?” மெதுவாகத்தான் கேட்டார். “நாலு வருஷம் முன்னாடி உங்களுக்கு ஒரு உதவி பண்ணோம். அதைத் திரும்ப எடுத்துக்கிற மாதிரி வச்சுடாதீங்க.”

நான் எழுந்துவிட்டேன். உட்கார்ந்துகொண்டு பேசினால் எனக்கு அழுகை வந்துவிடும் என்று தெரிந்தது.

“எஃப்ல போடுறது தண்டனைன்னா, அந்த இருபத்திரண்டு பேரும் என்ன தப்பு செஞ்சாங்க மேடம்?”

“அது வேற.”

“என்ன வேறன்னு சொல்லுங்க மேடம். நான் எழுதிக்கிடுதேன். யாரு சொன்னான்னு பக்கத்துல எழுதணும்.”

அவர் ஒரு ஃபைலைத் திறந்துகொண்டார். நான் வெளியே வந்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படிப் பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் வண்டியைக் கழுவினார். மகளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று அப்பாவும் மகளும் இப்போது சொல்கிறார்கள்.

எக்ஸிபிஷன் வியாழக்கிழமை காலை. எஃப் பிரிவுக்கு ஹாலின் கடைசியில், தூணுக்குப் பின்னால் ஒரு மேசை கொடுத்தார்கள். அந்தப் பெட்டியைக் கடைசியாக ஒரு தடவை சுமந்து அந்த மேசையில் வைத்தேன். பிள்ளைகள் புத்தகங்களின் முதல் பக்கத்தைத் திறந்து, ஊதா எழுத்து வெளியே தெரியும்படி நிறுத்தினார்கள். நான் சுரண்டிய புத்தகங்களையும் வைத்தார்கள். சார்ட்டில் எதையும் மறைக்கவில்லை.

பெற்றோர்கள் வர ஆரம்பித்ததும் சூப்பர்வைசர் மேடம் வந்தார். சிரித்த முகத்தோடு, என் காதருகில், “பெட்டியை எடுங்க” என்றார்.

“நாலு வருஷம் தூக்கிட்டேன் மேடம். இன்னைக்கு தூக்க மாட்டேன்.”

“நான் ஆர்டர் போடுறேன்.”

“போடுங்க மேடம். நான் தூக்க மாட்டேன்.”

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. இரண்டு மேசை தள்ளி நின்றவர்கள் திரும்பினார்கள். அவர் தானே பெட்டியின் ஓரத்தைப் பிடித்தார். நான் என் உள்ளங்கையை அதன் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டேன். அதற்குள் இரட்டைப் பின்னல்காரியின் அப்பா மேசைக்கு வந்துவிட்டார். டியூட்டிச் சட்டையோடு வந்திருந்தார். பிக்கப்பை வெளியே நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பர்மிஷன் கேட்டு வந்தவர். ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். மேடம் பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“இந்த முத்திர யாரு குத்துனது?”

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். ஆனால் யாரும் கை காட்டவில்லை.

“நான்தாண்ணே” என்றேன்.

“எதுக்கு?”

“எஃப் பிள்ளைங்களுக்குன்னு தனியாத் தெரியணும்னு.”

அவர் கழன்ற பக்கத்தைப் பழைய இடத்தில் செருகினார். “எம்புள்ள தனியா உக்காந்திருக்கான்னு எனக்குத் தெரியும். இங்கிலீஷ் வரலன்னாங்க, சரின்னேன். படிக்கிற பொஸ்தகமும் தனின்னு தெரியாது.” சார்ட்டை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியுமோ என்னவோ, டிக்கையும் பெருக்கலையும் வாசிக்க எந்த மொழியும் வேண்டாம். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே, முன்னால் விருந்தினரோடு நின்ற பிரின்ஸிபாலிடம் நேராகப் போனார்.

“சார், எஃப் கிளாசுக்கு லைப்ரரி என்னைக்கு சார்?”

அவ்வளவுதான் கேட்டார். தையல்கடைக்காரர் ஒருவர் வந்து அவர் பின்னால் நின்றார். பர்தா போட்ட இரண்டு அம்மாக்கள் வந்து நின்றார்கள். அப்புறம் இன்னும் சிலர். யாரும் சத்தம் போடவில்லை. அந்த ஊரில் எங்களைப் போன்றவர்கள் சத்தம் போட மாட்டோம். விசா பாஸ்போர்ட்டில் இருக்கிறது, பயம் எங்கள் உடம்பில் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தை விட்டு யாரும் நகரவும் இல்லை.

பிரின்ஸிபால் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் நூலக மேடத்தைப் பார்த்தார். நூலக மேடம் அதுவரை எங்கள் பக்கம் வரவே இல்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ரொம்ப நாளாகவே அப்படித்தான் என்பதைப் போலச் சொன்னார்.

“டியூஸ்டே, ஃபோர்த் பீரியட், சார்.”

பிரின்ஸிபால் டைரியில் குறித்துக்கொண்டார். அது பெட்டி போகும் பீரியட் என்பது அந்த ஹாலில் நூலக மேடத்துக்கும் எனக்கும் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும்தான் தெரியும்.

சனிக்கிழமை காலை என் மகள் வகுப்புக்கு ஒரு சீட்டு வந்தது. நிர்வாகக் காரணங்களுக்காக ஐந்து எஃப். மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். என் வேலையை மட்டும் விட்டுவைத்தார்கள். என்னைப் போல அலமாரி துடைக்க இன்னொரு ஆள் கிடைக்கவில்லையோ என்னவோ. மகள் பையைத் தூக்கிக்கொண்டு, தனியாக, அழுதுகொண்டே மைதானத்தைக் கடந்ததை நூலக ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூடப் போக அடியெடுத்து வைத்தேன். நூலக மேடம் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

சாயங்காலம் மகள், “உனக்கு இப்ப ஹேப்பியா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை நான்காவது பீரியடில் வராந்தாவில் இருபத்து மூன்று ஜோடி ஷூக்கள் இருந்தன. என் மகள் வரிசையில் கடைசியாக வந்தாள். என்னைப் பார்க்காமல் புத்தகத்தை நீட்டினாள். நான் தேதி முத்திரையை மட்டும் குத்திக் கொடுத்தேன்.

ஒரு மாதம் அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. வருடக் கடைசியில் சூப்பர்வைசர் மேடம் கூப்பிட்டு, அடுத்த வருடம் அவளை மறுபடி பி-யில் போடட்டுமா என்று கேட்டார். “எல்லாரையும் கலந்து போடுங்க மேடம். அப்ப போடுங்க” என்றேன். கலந்து போடவில்லை. நாங்கள் அந்த ஊரைவிட்டுக் கிளம்பும்வரை போர்ட்டா கேபின் அங்கேயேதான் இருந்தது. பெட்டி மட்டும் மறுபடி போகவில்லை. வேறொரு ஆளை வைத்து அனுப்பப் பார்த்தார்கள். நான் சுமக்கவும் இல்லை, சுமக்க விடவும் இல்லை.

மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். அந்தக் கதையை யாராவது பேசினால் அவளுக்கு இன்னும் முகம் மாறும். இரட்டைப் பின்னல்காரி அவளுக்கு உயிர்த்தோழி ஆனாள், போனில் மணிக்கணக்கில் பேசுவார்கள், அது வேறு. போன மாதம்கூட, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, திடீரென்று சொன்னாள்.

“நீ எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்மா.”

எனக்கு அந்தப் போட்டோ ஞாபகம் வந்தது. அயர்ன் செய்த உடுப்பு, நெஞ்சோடு அணைத்த புத்தகம். அம்மா எங்கே நடக்கிறாள், அவள்தானே நடக்கிறாள்.

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?”

“வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

“அதான் கேக்கல” என்றேன்.